மேற்குச் சுவர்

சுருளிப்பட்டி
28.11.2001

எஞ்சினியரம்மா அவர்களுக்கு,

'வேல்விழிக்கு' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நேற்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரியாக வந்தாய், அதிகாரியாகவே திரும்பிப் போனாய். அதனால் அப்படியே கூப்பிடுகிறேன்.

நான் உன் அண்ணன் பெண்டாட்டி என்பதை விடு. நம் உறவின்முறைச் சங்கம் நடத்துகிற பள்ளியின் தலைமை ஆசிரியையாகக் கேட்கிறேன். புயல் அடித்த மறுநாளிலிருந்து ஊரே அந்தக் கட்டிடத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. தென்னந்தோப்பு வரைக்கும் பறந்து போன ஓடுகளைப் பொறுக்கி வந்து அடுக்கினோம். தேனியிலிருந்து வரப்போவது நம் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் சங்கத் தலைவர் செல்லப்பாண்டி மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெடித்த இடமெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசி, நீலம் கலந்து வெள்ளையடித்து, வாசலில் மாவிலைத் தோரணம் கட்ட வைத்தார். மரியாதைப்பட்டவர்கள் வரும்போது சிதைந்த சுவரைக் காட்டி நிற்கிற வழக்கம் நம்மிடம் உண்டா?

நீ வந்தாய். பளிச்சென்றிருந்த சுவரைப் பார்த்ததும் உன் முகம் செத்துப்போனது. யார் பூசச் சொன்னது என்று கேட்டாய். எல்லாரும் பெருமையாகச் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. 'உள்ளே யாரும் நுழையக் கூடாது' என்ற சிவப்பு நோட்டீசை வாசலில் ஒட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாய். வீட்டில் உனக்காகக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் போகிற அளவுக்கு உன் மதினி என்ன செய்துவிட்டேன்?

பிள்ளைகள் இப்போது கோயில் முன்னால் போட்ட பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிற ஜூனுக்குள் பத்திரமான கட்டிடம் இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து என்று கல்வி அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் பஸ் ஏறிக் கம்பம் போக வேண்டும். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பையன்கள் ஒருவேளை போவார்கள். பெண்பிள்ளைகள் போகமாட்டார்கள். கூடவே தோட்டத்துக்குத்தான் போவார்கள்.

உன் நோட்டீசுக்கு இதுதான் அர்த்தம். தெரிந்துதான் ஒட்டினாயா?

முனீஸ்வரி


அல்லிநகரம், தேனி
3.12.2001

அன்புள்ள மதினிக்கு,

தெரிந்துதான் ஒட்டினேன்.

கோபப்படாமல் முழுதும் படியுங்கள். டாக்டரிடம் போகிற அன்றைக்குக் காய்ச்சல் தெரியாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு போனால் அவர் என்ன சொல்ல முடியும்? சுவருக்கும் அதுதான். என்ன நடந்தது என்பதை வெடிப்புதான் சொல்லும். எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, பழையதா புதியதா, எல்லாமே அதில் இருக்கிறது. நீங்கள் அதன் வாயை அடைத்து நீலம் அடித்துவிட்டீர்கள். எனக்குத் தெரியாத சுவருக்கடியில் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது.

கறிக்குழம்பு வாசம் தெருமுனை வரை வந்தது. சாப்பிட்டிருந்தால், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டிருந்தால், கையெழுத்துப் போட்டிருப்பேன் மதினி. அந்தப் பயத்தில்தான் ஓடினேன். வழி முழுக்க டிரைவருக்குத் தெரியாமல் அழுதுகொண்டு வந்தேன். எனக்கும் அது படித்த பள்ளிக்கூடம்தான்.

போடியிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் விழுந்த கட்டிடங்களைப் பார்க்கும் வேலை என் தலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. உங்கள் வீட்டுப் போனும் புயலோடு செத்துக் கிடக்கிறது. ஆகவே எழுதியே கேட்கிறேன். முதலில் கொத்தனார் ராக்கையாவிடம் சொல்லி மேற்குச் சுவருக்கு வெளியிலிருந்து சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். காற்று, மழை இருக்கிற நாளில் யாரும் கிட்டப் போக வேண்டாம். முட்டுக் கொடுத்த பிறகு பூச்சைச் சுரண்டி, அடியிலிருக்கும் வெடிப்பை எனக்கு எழுதுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம்.

வேல்விழி


சுருளிப்பட்டி
12.12.2001

விழிக்கு,

'நினைத்ததை எழுத வேண்டாம்' என்கிறாய். வாத்தியார் வேலை பார்க்கிறவளிடம் இதைச் சொல்ல உனக்குத் தைரியம்தான்.

முட்டுக் கொடுத்தாகிவிட்டது. சுரண்டுவதற்குத்தான் ஒருவரும் வரவில்லை. வெள்ளையடித்த ஈரம் காயும் முன் சுவரைச் சுரண்டினால் ஊருக்கு ஆகாது என்று செல்லப்பாண்டி மாமா எழுந்து போய்விட்டார். கடைசியில் நானும் சத்துணவு சமைக்கிற பஞ்சம்மாளும்தான் இறங்கினோம். அவள் கையில் இரும்புத் தோசைக்கரண்டி, என் கையில் உளி. தலையில் உன் அண்ணனுடைய பைக் ஹெல்மெட். அதைப் பார்த்துவிட்டு உன் அண்ணன் அழகர் சிரித்த சிரிப்புக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு போடவில்லை.

இனி பார்த்தது. ஜன்னல்களுக்கு மேலே சரிவாக ஓடுகிற வெடிப்புகள் பூச்சோடு நின்றுவிடுகின்றன, அடியில் கல் முழுசாக இருக்கிறது. தெற்குச் சுவரில் ஒரு வெடிப்புக்குள் கறுப்பு அழுக்கும் சிலந்தி நூலும் இருந்தன. அது புயலுக்கு முந்தியது என்று எனக்கே தெரிகிறது. (இது நினைத்ததுதான். அடித்துவிடு.) மேற்குச் சுவரும் வடக்குச் சுவரும் சேருகிற மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒன்று இருக்கிறது. மேலே என் சுண்டுவிரல் போகிறது. இடுப்பு உயரத்தில் தீக்குச்சி போகிறது. கீழே நகம்கூடப் போகவில்லை. உள்ளே சுத்தமாக, புதுசாக இருக்கிறது. கிழக்கு வாசல் கதவு ஒன்று கொண்டி தெறித்து உட்பக்கம் மடங்கிக் கிடக்கிறது.

எனக்கு இது ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தச் சுவரை இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன், இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன்.

முனீஸ்வரி


அல்லிநகரம்
18.12.2001

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் மேசைமேல் வைத்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். அவர், "இது எந்தக் காலேஜில் படித்த ஆள் எழுதினது?" என்று கேட்டார். எங்கள் மதினி என்று சொன்னேன். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சுண்டுவிரல், தீக்குச்சி, நகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே எல்லாம் இருக்கிறது. மேலே அகலம், கீழே இல்லை என்றால் சுவரின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏன் சாய்ந்தது என்பதற்கு அந்தக் கதவுதான் பதில். வருசநாட்டு மலைப்பக்கமிருந்து வந்த காற்று கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருக்கிறது. வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கி, எதிரே இருந்த மேற்குச் சுவரை நெட்டித் தள்ளியிருக்கிறது. மற்ற மூன்று சுவர்களும் பிழைக்கும் என்று நம்புகிறேன்.

தெரிய வேண்டியது ஒன்றுதான். மேற்குச் சுவர் தள்ளப்பட்டதோடு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா? நின்றுவிட்டதென்றால் கம்பி தைத்து, சிமெண்டுப் பால் செலுத்தி அப்படியே காப்பாற்றலாம். நகர்கிறதென்றால் அது என்றைக்கு விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

கம்பத்தில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு வெடிப்பின் குறுக்கேயும் ஒரு துண்டை, இரண்டு முனையிலும் சிமெண்டு வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறியும். பொங்கல் கழிகிற வரை பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கண்ணை நம்பித்தான் அறிக்கை எழுதப் போகிறேன்.

வேல்விழி


சுருளிப்பட்டி
20.1.2002

என் அருமை விழிக்கு,

நல்ல செய்தி. பொங்கலும் முடிந்தது, ஒரு கண்ணாடிகூட முறியவில்லை. தினமும் பிரேயர் முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். மூலையில் இருப்பதும் முழுசாக வெயிலில் மினுங்குகிறது.

செல்லப்பாண்டி மாமாதான் வேறு பாட்டுப் பாடுகிறார். வெளியூரில் வியாபாரம் செய்கிற யாரோ பெரிய மனிதர் தன் அப்பா பெயரைப் போட்டால் புதிதாகவே கட்டித் தருகிறேன் என்றாராம். மொத்தத்தையும் இடித்துவிடலாம் என்கிறார். எப்போது கட்டி முடியும் என்று கேட்டால், ஆண்டவன் விட்ட வழி என்கிறார். ஜூனுக்கு அவரும் ஆண்டவனும் வந்து நிற்கப் போவதில்லை. உன் அறிக்கை வந்தால்தான் அவர் வாய் அடங்கும். சீக்கிரம் எழுது.

பள்ளிக்கூடத்தை இந்தக் கண்ணோடு பார்க்க நீ கற்றுக்கொடுத்தாய். நேற்றுக் கம்பம் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் எந்த வீட்டில் எப்படி வெடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தையே தவறவிடப் பார்த்தேன்.

மதினி


அல்லிநகரம்
25.1.2002

அன்புள்ள மதினிக்கு,

படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு நிம்மதி. மேற்குச் சுவரை இடிக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே சரிசெய்து பிள்ளைகளை உள்ளே விடலாம் என்று அறிக்கை எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மேலதிகாரி கையெழுத்துக்குப் போகிறது. அதன் பிறகு சிவப்பு நோட்டீசை நீங்களே கிழித்துப் போடலாம்.

வேல்விழி


சுருளிப்பட்டி
28.1.2002, திங்கள்

விழி,

போன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது, அதனால் இதை உன் அண்ணனிடம் கொடுத்து அடுத்த பஸ்ஸிலேயே அனுப்புகிறேன். அறிக்கையை நிறுத்து. எங்கே போயிருந்தாலும் திரும்ப வாங்கு.

இன்று காலை கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது ஒன்று உறுத்தியது. மற்ற துண்டுகளிலெல்லாம் தூசி ஏறிப் பழுப்பாகியிருக்கிறது. மூலையில் இருப்பது மட்டும் புதுக்கருக்கு மாறாமல் மினுங்குகிறது. ஒட்டியிருந்த சிமெண்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் காயவில்லை. பஞ்சம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா டீச்சர், நாந்தான் மாத்துனேன். ஒடஞ்ச கண்ணாடிய பிள்ளைக படிக்கிற எடத்துல வச்சிருக்கலாமா? குடும்பத்துக்கே ஆகாதுன்னுவாக. அது ஒடைய ஒடைய, கடையில வாங்கியாந்து மிச்சமிருந்த துண்ட எடுத்து ஒட்டிட்டே இருந்தேன். அந்த மூலையில மட்டுந்தான் ஒடைஞ்சுச்சு."

எத்தனை தரம் என்று கேட்டேன். துண்டுகள் தீர்ந்து போச்சு டீச்சர் என்றாள். அவள்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டில் ஒரு கண்ணாடி முறிந்தால் நானும் அதைத்தானே செய்வேன்? எதற்காக ஒட்டுகிறோம் என்று அவளுக்குச் சொல்லாதது நான்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த மூலையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். உன் அறிக்கை தயார். நான் பேசாமல் இருந்தால் பள்ளிக்கூடம் தப்பிவிடும். இதை எழுதினால் செல்லப்பாண்டி மாமா கடப்பாரையோடு வந்துவிடுவார், ஜூனில் என் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் என் கண்ணை நம்பி எழுதுகிறேன் என்று சொன்னாயே. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

சுவர் நகர்கிறது விழி. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும்.

முனீஸ்வரி


அல்லிநகரம்
30.1.2002

என் மதினிக்கு,

அண்ணன் வியர்க்க விறுவிறுக்க அலுவலகத்துக்கு வந்தாக. அறிக்கை இன்னும் என் மேசையில்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சுவருக்கடியில் பிள்ளைகளை உட்கார வைக்க ஒரு கையெழுத்துதான் பாக்கி இருந்தது.

நான் பார்த்த அதிகாரிகளில், பெரிய படிப்புப் படித்தவர்களில், தனக்கு வேண்டாத உண்மையை இவ்வளவு வேகமாக எழுதி அனுப்பியவர்கள் யாருமில்லை. உங்களை மதினி என்று கூப்பிடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நேரில் சொன்னால் கேலி செய்துவிடுவீர்கள், அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி தைரியம் தருகிற செய்தி. முட்டுக் கொடுத்த பிறகும் நகர்கிறது என்றால் காற்றின் வேலை அல்ல, அடியில் மண் இறங்குகிறது. அந்தப் பக்கம் கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுந்து தேங்குவது எனக்கு நினைவிருக்கிறது. பஞ்சம்மாள் நமக்கு இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். அந்த மூலையில் மட்டும்தான் உடைந்தது என்றாள் அல்லவா? அப்படியென்றால் மற்ற மூன்று சுவர்களும் அசையவில்லை. மேற்குச் சுவரை மட்டும் அடிவரை பிரித்து, தண்ணீர் போக வாய்க்கால் வெட்டி, அதே கல்லால் திரும்பக் கட்டலாம். உட்கல்லையும் வெளிக்கல்லையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி நீளக் கல் ஊடே வைத்து, நாலு சுவர் தலையிலும் சுற்றி கான்கிரீட் பெல்ட் போட்டு, கூரையை அதில் போல்ட்டால் பிணைத்துவிட்டால் அடுத்த புயலில் ஓடு வேண்டுமானால் போகும், சுவர் போகாது. ஜூனுக்குள் முடியும்.

லீவு கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உறவின்முறைக் கூட்டத்துக்கு வருகிறேன். கடப்பாரையை அதுவரை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

வேல்விழி


சுருளிப்பட்டி
5.6.2002

அன்பு விழிக்கு,

நீ கிளம்பிப் போன பிறகு இப்போதுதான் எழுத உட்காருகிறேன். அந்தக் கூட்டத்தை ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஒரு சுவர் கெட்டால் மற்றது மட்டும் எப்படி நிற்கும் என்று செல்லப்பாண்டி மாமா கேட்டதும், நீ கத்தவும் இல்லை, பயப்படவும் இல்லை. "அது நிக்கும் பெரியப்பா. நான் எழுதித் தாரேன்" என்றாய். அவ்வளவுதான். இடிக்கிற பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் இப்படி ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தாய். பிரித்த கல்லைத் திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு வரிசையும் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாய். சரியில்லாத ஒரு வரிசையைப் பிரிக்கச் சொன்னபோது ராக்கையா முனகினார். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரோடு சேர்ந்து கல் தூக்கினாய். மறு ஞாயிறு கோணலாகிப்போன ஒரு வரிசையை அவரே பிரித்துப் போட்டுவிட்டு உனக்காகக் காத்திருந்தார். உன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "எந்தங்கச்சிக்கு இம்புட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாது முனீசு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ சாரத்தின் மேல் இருந்ததால் கவனிக்கவில்லை.

கட்டிடம் அழகாக நிற்கிறது. கல்வி அலுவலகத்திலும் உன் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் விழி, திங்கட்கிழமை பள்ளி திறந்தேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

வீடு வீடாகப் போனேன். சிவப்புத்தாள் ஒட்டின கட்டிடம் என்று ஒரே வார்த்தை. சங்கிலியம்மாளை உனக்குத் தெரியும், அவள் மகள் மூன்றாம் வகுப்பில் முதல் மாணவி. அவளும் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டாள்.

"எஞ்சினியரம்மாவ குத்தம் சொல்லல டீச்சர். நல்லாத்தான் கட்டியிருக்காக. ஆனா அவுக எழுதிக் குடுத்துட்டுத் தேனிக்குப் போயிட்டாக. கல்லு விழுந்தா எம்பிள்ளை தலையிலல்ல விழும்?"

மாதக் கடைசியில் வருகைப் பதிவைப் பார்க்க அதிகாரி வருகிறார். பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் எதற்கு என்று கேட்பார். சங்கிலியம்மாளோ மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டாள். நீ வேறு எந்தக் கணக்குப் போட்டும், எந்தக் கம்பி வைத்தும் இதைச் சரிசெய்ய முடியாது என்று தெரியும். மனசு தாங்காமல்தான் எழுதுகிறேன்.

மதினி


அல்லிநகரம்
8.6.2002

என் மதினிக்கு,

சங்கிலியம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை கட்டிடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என் மகள் முத்துப்பேச்சிக்கு இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. தேனியில் அவளுக்கு இடம் வாங்கியாகிவிட்டது, சீருடையும் தைத்தாகிவிட்டது. விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த நாள், "நீ கட்டினதுதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பரணில் ஏறிப் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்த வருடம் அவள் உங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும். இடியென்றால் பயப்படுவாள், அந்த நேரம் பக்கத்தில் இருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கிச் சங்கிலியம்மாள் வீட்டுத் தெரு வழியாகவே நடந்து வருகிறோம்.

வகுப்பில் அவளை மேற்குச் சுவரை ஒட்டி உட்கார வையுங்கள்.

வேல்விழி